முகாமில் எதற்குப் புற்றுநோய் டெஸ்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் ஒரு தனியார் லேப் 'முழு உடல் பரிசோதனை' முகாம் போட்டது. கொழுப்பு, தைராய்டு எல்லாம் சரி. கூடவே 'புற்றுநோய் டெஸ்ட்' என்று சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனை வேறு. எதிர்வீட்டு அக்காவுக்கு அதில் 58 வந்துவிட்டது. 37-க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் அன்று உலை வைக்கவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல்!

நான் ரத்த வங்கியில் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிஏ 19-9 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. காப்பியில் போடுகிற சர்க்கரை அல்ல. அதற்காக யாரும் காப்பியை நிறுத்த வேண்டாம். ஏ, பி, ஓ என்று நாம் சொல்லும் ரத்தப் பிரிவும் இதே கதைதான். சிவப்பணுவின் மேலுள்ள சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே வித்தியாசம். கணையத்திலோ பித்தநாளத்திலோ புற்று வந்தால் 19-9 சங்கிலி ஏராளமாக உண்டாகி ரத்தத்தில் கலக்கும். ஆனால் கல் அடைத்துப் பித்தம் தேங்கினாலும், கணையம் வீங்கினாலும் அது ஏறும். இன்னொரு கூத்தும் உண்டு. இந்தச் சங்கிலியைக் கட்டும் நொதி 100 பேரில் 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. அவர்களுக்குக் கணையப் புற்று முற்றினாலும் இந்த எண் பெரும்பாலும் ஏறாது. 'நார்மல்' ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பெண்களுக்கான பேக்கேஜில் சினைப்பைப் புற்றுக்கென்று சேர்க்கும் சிஏ 125-ம் மாதவிலக்கு நாட்களிலும், வயிற்றுக் காசநோயிலும்கூட ஏறக்கூடியது.

இவை உதவாத டெஸ்டுகள் அல்ல. புற்று உறுதியானவருக்கு ஆபரேஷன், கீமோ முடிந்தபின் நோய் அடங்குகிறதா, திரும்புகிறதா என்று பார்க்க டாக்டர்கள் இவற்றைத்தான் கேட்பார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. முகாம் பேக்கேஜ்களில் இந்த டெஸ்டுகளைச் சேர்க்கக் கூடாது என்று சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். எங்கள் பக்கம் மாவா, ஹான்ஸ் என்று வாயில் புகையிலை அடக்குகிற பையன்கள் நிறைய. வாய்ப்புற்றுக்கு அறிகுறியாக வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பல் டாக்டர் போதும். அந்த மண்டபத்தில் அப்படி ஒருவரையும் உட்கார வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை