சிமிழ் மூடி சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இயங்கிவரும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றைப் பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை. கூட்டங்களின் பெரும்பகுதியை ஃபெண்டனில் இருந்த பிராட் மட்பாண்டத் தொழிலகத்தின் வண்ண மூடிகளுக்கே ஒதுக்கினோம். 1840களில் தொடங்கி, கரடிக் கொழுப்பாலான தலைப்பூச்சு, இறால் விழுது, மீன் விழுது முதலியவற்றை அடைத்து விற்ற சிமிழ்களை மூட இவை செய்யப்பட்டன. தொடக்கக்கால மூடிகளில் கரடிகளும், பின்வந்தவற்றில் இறாலுக்குப் பெயர்பெற்ற, கென்ட் கரையிலுள்ள பெக்வெல் விரிகுடாவும் அடிக்கடி தென்படுவதற்கு உள்ளிருந்த பண்டமே காரணம். கரடிக் கொழுப்பென்ற பெயரில் பன்றிக் கொழுப்பும் விலைபோனதுண்டு. படத்திலுள்ள கரடிகள் அதற்குப் பொறுப்பல்ல.

இம்மூடிகளின் பெருமை ஜெஸ்ஸி ஆஸ்டின் (1806–1879) என்னும் செதுக்குக் கலைஞரைச் சாரும். நீர்வண்ணத்தில் படத்தை வரைந்துகொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் செப்புத் தகட்டை அவர் செதுக்கினார். தகட்டிலிருந்து மெல்லிய தாளில் எடுத்த அச்சைச் சுட்ட மண்மூடியின் மீது ஒற்றி, அது உலர்ந்த பின்னரே அடுத்த நிறத்தை ஏற்றி, கடைசியாகப் பழுப்பு அல்லது கருநிற உருவரையைப் பதித்து, அனைத்துக்கும் மேல் மெருகு பூசிச் சூளையிலிட்டனர். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமைவதற்காக இட்ட சிறு புள்ளிகளைப் பல மூடிகளில் படத்தின் இருபுறமும் இன்றும் காணலாம். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் பொருட்காட்சியிலும் பிராட் தொழிலகம் தன் வண்ண அச்சுப் பாண்டங்களைக் காட்சிக்கு வைத்தது.

இனி ஒரு வருத்தமான செய்தி. சங்கத்தின் சார்பில் ஏலமொன்றில் நானே முன்னின்று வாங்கிய மூடி, பழைய செப்புத் தகடுகளைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் அச்சிடப்பட்டது எனப் பின்னர் தெரியவந்தது. படமும் புள்ளிகளும் சரியாகவே இருந்தன. ஆயினும் சுவரில் மாட்டுவதற்கான துளைகள் பின்புறம் இருந்ததை நான் திருப்பிப் பார்க்கத் தவறினேன். விரல்நுனியில் தாங்கி மெல்லத் தட்டியபோது, பழைய மூடிகளுக்குரிய மந்தமான ஒலிக்கு மாறாக அது கணீரென்று ஒலித்ததை மூத்த உறுப்பினர் ஒருவரே சுட்டிக்காட்டினார். தகடு உண்மையானதே என்பதால் அதைப் போலி என்று ஒதுக்க மனமில்லை. ஆனால் கொடுத்த விலை பழைய மூடிக்குரியது. அந்த வேறுபாட்டை என் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய முன்வந்துள்ளேன். செயற்குழு இன்னும் முடிவு கூறவில்லை.

அம்மூடி இன்று வாசல் மேசையில், உண்மையான பழைய மூடி ஒன்றின் அருகே பெயர்ச்சீட்டு இல்லாமல் வைக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் இரண்டையும் கையிலெடுத்துப் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து முன்வைப்பார்.