மசூரியில் எவரெஸ்ட் வாழ்ந்த வீடு

கடலூர்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கியிருப்பது எங்கள் அனைவருக்கும் மகிழ்ச்சி.

மகள் டேராடூனுக்கு மாற்றலாகிப் போயிருப்பதால் அங்கே சென்றிருந்தபோது, மசூரிக்கு மேற்கே ஹாத்திபாவோனில் ஜார்ஜ் எவரெஸ்ட் வாழ்ந்த வீட்டைப் பார்த்து வந்தேன். ஒருபுறம் டூன் பள்ளத்தாக்கும் மறுபுறம் பனிமலைகளும் தெரியும் முகட்டில், இப்போது நன்கு செப்பனிடப்பட்டு வெள்ளையாக நிற்கிறது. 1830 முதல் 1843 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த அவர், அங்கிருந்தே அலுவலகத்தை நடத்த விரும்பினார். அரசு இசையாததால் அது டேராடூனுக்கு இறங்க வேண்டியதாயிற்று. கங்கைச் சமவெளியில் மலைகளே இல்லாததால் உயர்ந்த கோபுரங்களைக் கட்டி, அவற்றின் மேலிருந்து கோணங்களை அளந்த அவரது விடாமுயற்சியை எண்ணி அங்கே நெடுநேரம் நின்றேன். அவர் பெயரைத் தாங்கிய எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவரோ, அவர் பணியில் சேர்த்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தர். அதுவும் எவரெஸ்ட் ஊர் திரும்பிய பிறகே. அளவைக் கருவிகளைச் செப்பனிட்டு எவரெஸ்டின் மதிப்பைப் பெற்ற சையது மீர் மொஹ்சின் உசேன் நம் ஆற்காட்டுக்காரர் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஆயினும் என் மனம் நம் ஊரையே சுற்றி வந்தது. இந்திய நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்த மாபெரும் அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1802-இல் பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியால் முக்கோணங்களுக்கு அடிப்படையான ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்த பின், தெற்கே முக்கோணங்களைப் பின்னிக்கொண்டு நம் திருவந்திபுரம் வரை வந்தார். இங்கே விண்மீன்களை நோக்கி அட்சரேகையைக் கணித்து, சென்னைக்கு வடக்கே கணித்த மற்றோர் இடத்தோடு ஒப்பிட்டு, ஒரு பாகையின் நீளத்தை அறிந்தார். குமரி முதல் இமயம் வரையிலான நெடுங்கோடு பின்னர் மேற்கே 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது உண்மைதான். அதனால் திருவந்திபுரத்தின் பங்கு குறைந்துவிடாது. லாம்ப்டன் 1823-இல் பணியிலேயே இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்தான் எவரெஸ்ட்.

முடித்தவரின் வீட்டுக்கு ஊர் திரண்டு போகிறது. தொடக்கத்தில் பங்கு பெற்ற திருவந்திபுரத்திலோ, தேவநாதப் பெருமாளைச் சேவிக்க எத்தனையோ முறை சென்றும் இச்செய்தியைச் சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். வரைவை இத்துடன் வைத்துள்ளேன். கண்ணுக்குச் சிரமமில்லாத அளவில் படித்துத் திருத்தி அனுப்புங்கள். மாசி மகத்துக்கு நீங்கள் வரும்போது இருவருமாகச் சென்று கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்