நாங்கள் செய்யாத பன்னாட்டு அழைப்புகளுக்கான கட்டணம் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் கட்டணப் பிரிவு.

பொருள்: கணினியில் புகுந்து தானாகவே வெளிநாட்டு எண்ணை அழைக்கும் டயலர் மென்பொருளால் எங்களுக்குத் தெரியாமல் நடந்த 27 பன்னாட்டு அழைப்புகளின் கட்டணத்தை ரத்து செய்யவும், இணைப்பைத் துண்டிக்காதிருக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வந்த பில், வழக்கமாக வரும் தொகையைப் போலப் பதினான்கு மடங்கு இருந்தது. கூடுதல் தொகை முழுவதும், நாங்கள் பெயரை மட்டுமே கேள்விப்பட்டிருக்கும் ஒரு சிறு தீவு நாட்டுக்குச் சென்ற 27 அழைப்புகளுக்கானது. அங்கே எங்களுக்கு உறவினரோ நண்பரோ இல்லை. இந்த இணைப்பைப் பெற்ற ஒன்பது ஆண்டுகளில் அந்த நாட்டுக்கு நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இதைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து இருமுறை சொன்னேன். இரண்டு முறையும், "உங்கள் இணைப்பிலிருந்து போன அழைப்பு, நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலை ஏற்க இயலாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அழைப்புகள் எங்கள் இணைப்பிலிருந்து சென்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றை நாங்கள் செய்யவில்லை என்பதே என் புகார். இதற்கான சான்று தங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. உள்ளூர் அழைப்புகளின் விவரத்தையும் கேட்டு வாங்கி, இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 6ஆம் தேதி இரவு 9.47 மணிக்கு, இணையத்துக்காக எங்கள் கணினி மோடம் என்னும் கருவி மூலம் இதே தொலைபேசிக் கம்பியில் வழக்கமாக அழைக்கும் உள்ளூர் எண்ணின் இணைப்பு அறுகிறது, 9.48க்கு அந்தத் தீவு நாட்டுக்கான முதல் அழைப்பு தொடங்குகிறது. அடுத்த ஏழு அழைப்புகளும் இப்படியேதான்: உள்ளூர் அழைப்பு முடிந்த ஒரு நிமிடத்துக்குள் பன்னாட்டு அழைப்பு. 14ஆம் தேதிக்குப் பிறகு உள்ளூர் எண்ணுக்கு ஓர் அழைப்புகூட இல்லை. அந்த நாட்களிலும் நாங்கள் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தோம். அப்படியானால் எந்த எண் வழியாகப் பயன்படுத்தினோம் என்பதைத் தங்கள் பதிவேடே சொல்லிவிடுகிறது.

பழுது பார்ப்பவரை அழைத்துக் கணினியைச் சோதித்ததில் காரணம் தெரிந்தது. டயலர் எனப்படும் சிறு மென்பொருள் ஒன்று அதில் புகுந்திருந்தது. அது டயல் அப் எனப்படும் தொலைபேசி வழி இணைய இணைப்புகளின் பட்டியலில் புதிய இணைப்பு ஒன்றைச் சேர்த்து, அதில் அந்த வெளிநாட்டு எண்ணை எழுதி, சில நாட்களில் அதையே கணினியின் இயல்பான இணைப்பாகவும் மாற்றிவிட்டது. மோடம் எண்ணைச் சுழற்றும்போது எழும் கீச்சொலியையும் அடக்கிவிட்டது. ஒலி நின்றுபோனதை மோடத்தின் பழுது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பக்கங்கள் எப்போதும்போல் திறந்தன, மின்னஞ்சல்களும் வந்தன. சந்தேகப்பட எங்களுக்கு எதுவும் இருக்கவில்லை. இணைய உலாவியை மூடிய பிறகும் இந்த இணைப்பு அறுவதில்லை என்பதையும் பின்னர்தான் அறிந்தோம். 19ஆம் தேதி இரவு 10.12க்குத் தொடங்கிய அழைப்பு மறுநாள் விடியற்காலை 5.10 வரை, ஏறத்தாழ ஏழு மணி நேரம், நீண்டிருக்கிறது. அன்றிரவு பத்தரை மணிக்கே வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டோம். கணினி மட்டும் அணைக்கப்படாமல் கிடந்தது. காலையில் எழுந்து நான் அதை அணைத்த நேரம்தான் அந்த 5.10.

இது எப்படிப் புகுந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் மகள் பள்ளிப் பாடத்துக்காகப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தைப் பார்ப்பதற்கு ஒரு துணை மென்பொருள் தேவை என்று சிறு சாளரம் ஒன்று திறந்திருக்கிறது. 'இல்லை' என்று அழுத்தினாலும் அது மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ அவள் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறாள். நிமிடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்றோ, வெளிநாட்டு எண் அழைக்கப்படும் என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை என்கிறாள். அவளை நான் நம்புகிறேன். விலை சொல்லாமல், என்ன பொருள் என்றும் சொல்லாமல், ஒரு சிறுமியிடம் வாங்கிய 'ஆம்' எந்த வகையில் ஒப்புதலாகும்?

இந்த மோசடி தங்கள் துறைக்குப் புதியதன்று. 1997ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இதே முறையில் ஏராளமானோரின் மோடம்கள் மால்டோவா நாட்டு எண்களை அழைத்தன. பில்லில் மால்டோவா என்று இருந்தாலும் அந்த அழைப்புகள் கனடாவைத் தாண்டவே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்தது. ஜெர்மனியில் பதினாறு வயதுச் சிறுவன் பதிவிறக்கிய டயலரால் அவன் வீட்டுக்கு வந்த பில் பற்றிய வழக்கில், அங்குள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2004 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்தது. மறைந்து இயங்கிய டயலரால் ஏற்பட்ட கூடுதல் கட்டணத்தை வாடிக்கையாளர் செலுத்த வேண்டியதில்லை. டயலர்கள் அழைக்கும் கூடுதல் கட்டண எண்களின் பயன்பாட்டால் வருவாய் பெறும் தொலைபேசி நிறுவனமே அந்த இடரையும் ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு அயர்லாந்தின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், பெரும்பாலும் சிறு தீவுகளான 13 நாடுகளுக்கு நேரடியாக எண் சுழற்றி அழைக்கும் வசதியை நிறுத்தச் செய்தது. அயல்நாட்டுத் தீர்ப்பு தங்களைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் இங்கும் அதேதான்.

ஏனெனில் இந்தப் பணம் போகும் வழியில் தங்கள் நிறுவனமும் இருக்கிறது. நாங்கள் கட்டும் தொகையில் ஒரு பங்கைத் தாங்கள் வைத்துக்கொண்டு, மீதியை நிமிடக் கணக்கில் மறுமுனை நிறுவனத்துக்குத் தீர்க்கிறீர்கள். அங்கிருந்து ஒரு பகுதி டயலரைப் பரப்பியவர்களுக்குப் போகிறது. நாங்கள் பில்லைக் கட்டினால்தான் அவர்களுக்கு ஆதாயம். மேலும், இரண்டு வாரங்களாக ஒரு வீட்டு இணைப்பிலிருந்து, முன்பு அழைக்கப்படாத ஒரே நாட்டுக்கு, மணிக்கணக்கில் அழைப்புகள் செல்வதைக் காணக்கூடிய இடத்தில் இருந்தது தாங்கள் மட்டுமே. எங்களுக்கு அது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. இடையில் ஒரே ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருந்தால், முதல் இரண்டு மூன்று அழைப்புகளோடு இது நின்றிருக்கும். கட்டணம் தாமதமானால் மூன்றாம் நாளே நினைவூட்டும் நிறுவனத்துக்கு இது பெரிய காரியமாக இருந்திருக்காது.

ஆகவே, அந்த 27 அழைப்புகளுக்கான கட்டணத்தை முழுவதும் ரத்து செய்து திருத்திய பில்லை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான அழைப்புகளுக்கும் மாத வாடகைக்கும் உரிய தொகையை ஏற்கெனவே செலுத்திவிட்டேன். அதன் ரசீதின் நகலை இணைத்துள்ளேன். டயலர் இயங்காமல் இருந்திருந்தால் அந்த நாட்களில் உள்ளூர் எண்ணுக்கு எவ்வளவு ஆகியிருக்குமோ, அதையும் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், செலுத்துகிறேன். அந்த எண்களை வைத்திருப்போர் யார், அழைப்புகள் உண்மையில் எந்த நாட்டில் முடிந்தன என்பதை விசாரித்து எழுத்து மூலம் தெரிவிக்கவும், விசாரணை முடியும் வரை மறுமுனை நிறுவனத்துக்கு இத்தொகையைத் தீர்க்காமல் நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். எங்கள் இணைப்பில் பன்னாட்டு அழைப்பு வசதியையும் இன்றே முடக்கிவிடுங்கள். இப்படி ஒரு முடக்கம் உண்டு என்பதே தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் இதே போன்றதொரு பில்லைக் கையில் வைத்திருந்தார்.

இம்மாத இறுதிக்குள் முழுத் தொகையும் செலுத்தாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று பில்லில் அச்சிடப்பட்டுள்ளது. வீட்டில் இதய நோயாளியான என் தாயார் இருக்கிறார். இரவில் மருத்துவரை அழைக்க எங்களுக்கு இந்த ஒரு தொலைபேசிதான் உள்ளது. புகார் நிலுவையில் இருக்கும்போது இணைப்பைத் துண்டிக்க மாட்டோம் என்ற உறுதியை முதலில் எழுத்தில் தாருங்கள். மற்றவற்றுக்கு உரிய கால அவகாசம் எடுத்துக்கொள்ளலாம்.

டயலர் கோப்பை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். கணினியைத் தங்கள் தொழில்நுட்ப அலுவலர் எந்த நாளிலும் வந்து பார்வையிடலாம்; மோடத்தின் தொலைபேசிக் கம்பியை மட்டும் கழற்றி வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்.

இணைப்பு: பில்லின் நகல், உள்ளூர் மற்றும் பன்னாட்டு அழைப்பு விவரப் பட்டியல்கள், பழுது பார்த்தவரின் குறிப்பு, செலுத்திய தொகைக்கான ரசீதின் நகல்.