"எங்க ஓட்டுவிய?" என்று கேளுங்கள்: டயர் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

வண்ணார்பேட்டை பைபாஸ் தொடங்கி ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், அந்தப் பக்கம் அம்பை, தென்காசி, இந்தப் பக்கம் வள்ளியூர், திசையன்விளை வரைக்கும் டயர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஒருத்தன் பைக்கோடு கடை வாசலில் வந்து நின்றால், நீங்கள் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்து அளவை வாசித்துவிடுகிறீர்கள். அடுத்த கேள்வி, "எந்த ரேட்ல பாக்கிய?" அதோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. இந்த ரெண்டுக்கும் நடுவில் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் இந்த மடல்: "எங்க ஓட்டுவிய?"

வீட்டுக்கும் கடைக்கும் போய்வருகிற வண்டிக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. ஆனால் 350, 400, 650 சிசி வண்டியில் பின்னால் பெட்டி கட்டி, வீட்டுக்காரியையும் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடி, மூணாறு, வால்பாறை என்று போகிறவர்கள் நம் சீமையில் பெருகிவிட்டார்கள். அவர்கள் வண்டியின் டயர் ஒரே நாளில் மூணு விதமான ரோட்டைப் பார்த்துவிடுகிறது.

முதலில் நாலுவழிச்சாலை. கயத்தாறிலிருந்து காவல்கிணறு வரை வண்டியைச் சாய்க்க வேலையே இல்லை. நேர் ரோடு, சித்திரை வெயில், எண்பது தொண்ணூறு வேகம். தேய்வதெல்லாம் பின்டயரின் நடுப்பகுதிதான். இப்படி ஓடிய டயர் ஒன்று கழட்டிக் கிடந்தால் உள்ளங்கையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வைத்துத் தடவிப் பாருங்கள். உருண்டையாக இருக்கவேண்டிய முதுகு நடுவில் பலகையாகிவிட்டிருக்கும். பலகை முடிகிற இடத்தில் ரெண்டு பக்கமும் ஒரு விளிம்பு விரலில் தட்டும். அதைத் தாண்டினால் புது டயரின் ரப்பர் முடி கூட உதிராமல் அப்படியே நிற்கும்.

அந்த டயரோடு செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போதுதான் வினை. வண்டி சீராகச் சாயாது. கொஞ்ச நேரம் நிமிர்ந்தே நிற்கும், விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று உள்ளே விழும். அதுவும் ஆனி, ஆடியில் சாரல் விடாமல் தூற, கேரளாவுக்குப் போகிற லாரிகளிலிருந்து சிந்திய மணலும் டீசலும் ரோட்டில் கரைந்து கிடக்க, அந்த இடத்தில் டயர் இப்படி நடந்துகொண்டால் எவ்வளவு கைதேர்ந்த ஆளாக இருந்தாலும் வாரிவிடும். ஆரியங்காவு வரைக்கும் இதே கதைதான். "பட்டன் இன்னும் இருக்கே, அண்ணாச்சி" என்று ஓரத்தில் தேயாமல் நிற்கிற ரப்பர் கட்டையைக் காட்டிப் பேரம் பேசுகிறவர்களிடம் நடுவில் இருக்கும் தேய்மானக் குறியைக் காட்டுங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னதாக ஒரு மேடு இருக்குமே, அதுதான். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாடி சுற்றுகிற அதே காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டவேண்டும். முதுகு பலகையான டயரும் அதற்குள் காற்றுக் குறைவும் சேர்ந்தால் வண்டி ஒரு கோட்டில் நிற்காமல் அலைபாயும். கடலோர ரோடு சாதாரணம். அங்கே பயம் உடைமுள் ஒன்றுதான்.

இனி ரப்பர். வழுக்குகிற ரோட்டிலும் நன்றாகப் பிடிக்கிற மெத்தென்ற கலவை சீக்கிரம் தேயும். நாள்படத் தேயாத கெட்டிக் கலவை மழையில் வழுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரில் நன்றாக அழிக்கிறதெல்லாம் சீக்கிரம் கரைந்துபோகிற மாதிரிதான். இதற்கு டயர் கம்பெனிக்காரர்கள் ரெண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, ரப்பரில் சிலிக்கா என்கிற பொடியைச் சேர்ப்பது. ஈர ரோட்டில் பிடிப்பு கூடும். இன்னொன்று, ஒரே டயரில் நடுவுக்குக் கெட்டி ரப்பர், ரெண்டு ஓரத்துக்கும் மெது ரப்பர் என்று வைத்து வார்ப்பது. நாலுவழிச்சாலையில் போய் மலையேறுகிற நம் ஊர்க்காரனுக்கு அளந்து தைத்தது போன்றது இந்த ரெண்டாவது வகை. அவனுடைய அளவில் அது கிடைக்கிறதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். கம்பெனிப் புத்தகம் உங்கள் மேஜையில்தானே இருக்கிறது.

"அதெல்லாம் விலை ஜாஸ்தி, ஆளுக யாரும் வாங்க மாட்டாங்க" என்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்டயர் ஒன்று 3,600 ரூபாய், 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 30 காசு. இன்னொன்று 4,800 ரூபாய், 20,000 ஓடுகிறது. 24 காசு. விலை கூடின டயர்தான் மலிவு. இந்தக் கணக்கை உங்களில் பலரும் சொல்கிறீர்கள், சரிதான். ஆனால் வித்தியாசம் வெறும் 6 காசு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும், 35 கொடுக்கிற வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 காசு ஆகிறது. டயரில் காற்றுக் குறைந்து அதே வண்டி 33-க்கு இறங்கினால் 3 ரூபாய் 3 காசு. காற்றுப் பிடிக்கச் சோம்பல்பட்டதற்கு 17 காசு போய்விட்டது! டயரின் ஆயுளில் மிச்சம் பிடித்ததைப் போல் ஏறக்குறைய மூணு மடங்கு.

ஆகவே என் கட்சி இதுதான்: ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு ஆயுளைச் சொல்லி டயர் விற்காதீர்கள். "இது இருபத்தஞ்சாயிரம் ஓடும்" என்கிற பேச்சுதான் நம் கடைகளில் அதிகம் கேட்கிறது. ஈர ரோட்டில் எப்படிப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கூடச் சேர்ந்து வருவதில்லை. ஆறு காசுக்கு ஆசைப்பட்டு ஆடி மாசம் புளியரையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டவேண்டுமா? முன்டயரில் இது இன்னும் முக்கியம். பிரேக்கின் பாரமும் வளைவில் வண்டியைத் திருப்பும் வேலையும் அதன் மேல்தான். பின்டயரை விட மெதுவாகத் தேயும் என்பதால், பட்டன் நிறைய இருக்கிறது என்று வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் நூல் நூலாக வெடிப்பு விட்டிருக்கும். பின்டயர் மாற்ற வந்தவனை நிறுத்தி அந்த வெடிப்பைக் காட்டுங்கள். வெடிப்பில்லாத நல்ல முன்டயராக இருந்தால் "ஜோடியா மாத்திருவோம்" என்று அவனை நெருக்கவும் வேண்டாம்.

இனி மாப்பிள்ளைமாரின் ஆசைகள். கம்பெனி போட்டதை விடப் பட்டையான டயர் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று வருகிறவர்களுக்கு நீங்களும் மறுப்புச் சொல்வதில்லை. ரிம்மின் அகலம் மாறாமல் டயர் மட்டும் அகலமானால் ஓரங்கள் உள்வாங்கி முதுகு கூம்பிவிடும். கம்பெனி கணக்குப் போட்ட உருண்டை போய்விடும். வளைவில் வண்டி சோம்பலாகத் திரும்பும், பெட்ரோலும் கூடக் குடிக்கும், சில வண்டிகளில் செயின் கவரில் உரசவும் செய்யும். அடுத்தது, கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கிற பட்டன் டயர். மலைமேல் ஏறுகிற கல்ரோட்டுக்கு அது பொருத்தம்தான். வருஷத்துக்கு ஒருதரம் அங்கே போகிறவன் மீதி நாளெல்லாம் நாலுவழிச்சாலையில் அந்தக் கட்டைகளின் மேல் உறுமிக்கொண்டு போகிறான். தார் ரோட்டில் அது சீக்கிரம் கரையும், மழையில் பிடிப்பும் குறைவு. "எங்க ஓட்டுவிய?" என்று கேட்டாலே அவனுக்குப் பாதி புத்தி வந்துவிடும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் அளவுக்குப் பக்கத்தில் 62பி, 66ஹெச் என்று ஒன்று இருக்கிறதல்லவா? எண் டயர் தாங்கும் எடை. 62 என்றால் 265 கிலோ, 66 என்றால் 300 கிலோ. எழுத்து வேகம், பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர், ஹெச் என்றால் 210. ரெண்டு பேரும் ரெண்டு பெட்டியும் ஏறுகிற வண்டிக்கு, அளவு ஒன்றுதான் என்று கம்பெனி போட்டதை விடக் குறைந்த எண் டயரைப் போட்டுவிடாதீர்கள். ரேடியல் டயர் (உள்ளே நூல் ஓரத்துக்கு ஓரம் நேர் குறுக்காக ஓடுவது) வந்த வண்டிக்கு ரேடியலே போடுங்கள். 650 சிசி வண்டிக்கு வெளிநாட்டு டயர் கேட்டு வருகிறவர்களுக்கு, 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டயர் இங்கே விற்கக் கூடாதது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் ஆன்லைனில் தேடி ஏமாறமாட்டார்கள்.

இப்போது மனத்தாங்கலுக்கு வருகிறேன். தேதி. பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கின்றன. 2325 என்றால் 2025-ஆம் வருஷம் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் வார்த்தது. இதைக் காட்டச் சொல்லிக் கேட்டால் சில கடைகளில் முகம் மாறிவிடுகிறது. ஒரு கடையில் (பேர் வேண்டாம்) "டயர் என்ன பாலா, கெட்டுப்போக?" என்று கேட்டார்கள். ஈரமில்லாத அறையில், வெயில் படாமல், கரண்ட் மோட்டார் பக்கத்தில் இல்லாமல் வைத்திருந்தால் ஒரு வருஷச் சரக்கில் குறை சொல்ல எதுவுமில்லைதான். ஆனால் கடை வாசலில், மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடத்தில், விளம்பரத்துக்கு மாலை போல் தொங்கவிட்டிருக்கிறீர்களே, அதைத்தான் கடைசியில் எங்கள் வண்டியில் மாட்டுகிறீர்கள். வெயிலும் மோட்டாரிலிருந்து வரும் ஓசோனும் ரப்பரை இறுக்கிவிடும். தொங்கவிட்டதைத் தொங்கவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் வார்க்கிற ஆலை ஒன்று மதுரைக்குப் பக்கம் வெள்ளரிப்பட்டியில்தான் இருக்கிறது. நம் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்து டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் பேர் சொல்லும் ஆலை. அங்கிருந்து லாரி ஏறினால் அன்றைக்கே திருநெல்வேலி வந்து இறங்கிவிடும். அப்படியிருக்க, ரெண்டு வருஷம் பழசான டயரை முழு விலைக்குத் தள்ளிவிடுவதற்கு என்ன சமாதானம்? பழைய சரக்கு என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

காற்று விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாள் போனால் எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கில் அடித்துவிடுகிறார்கள் கடைப் பையன்கள். அந்த அளவு டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது. மதுரையிலிருந்து வெயிலில் ஓடிவந்த வண்டியில் மீட்டர் நாலைந்து புள்ளி கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும். உடைமுள் ஏறிய ட்யூப்லெஸ் டயருக்கு வெளியிலிருந்து கயிறு சொருகுவது ஊர் வந்து சேரத்தான். நெடுந்தூரம் போகிறவனுக்கு டயரைக் கழட்டி உள்பக்கமிருந்து அடைத்துக் கொடுங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஒட்டவே வேண்டாம், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் துண்டுச்சீட்டில் விலை எழுதிக்கொடுத்த கடைகள் இனியாவது பில் போடலாம். அந்தப் பில்லில் டயரின் பேரும் அளவும் மட்டும் போதாது. பாரத்துக்கான எண், வேகத்துக்கான எழுத்து, வார்த்த வாரத்தின் நான்கு எண், மாட்டும்போது வண்டியின் கிலோமீட்டர், இவ்வளவும் இருக்கட்டும். அடுத்த டயருக்கு வரும்போது இந்த டயர் எத்தனை ஓடியது என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எந்த ரோட்டில் எந்த டயர் எப்படி உழைக்கிறது என்று கம்பெனிக்காரனை விட உங்களுக்குத்தான் அப்போது நன்றாகத் தெரிந்திருக்கும். இப்படிப் பில் எழுதுகிற கடை எது என்று தெரிந்தால் எங்கள் கூட்டம் அங்கேதான் வந்து நிற்கும், ரேட்டில் நூறு இருநூறு கூட இருந்தாலும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்

பி.கு.: ட்யூப்லெஸ் டயர் மாற்றும்போது பழைய வால்வையே திரும்ப வைத்துவிடுகிறார்கள். புது வால்வு ஒன்றும் பெரிய காசில்லை. கேட்காமலே மாற்றிவிட்டுப் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். புது டயர் போட்டவனிடம் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவில் நிதானமாகப் போகச் சொல்லியும் அனுப்புங்கள். மேல்தோல் வழுக்கும்.