போர்க்கால ஓவியங்களுக்கு ஒரு நிரந்தர அறை கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர்,
கலாசார அலுவல்கள் திணைக்களம்,
பத்தரமுல்லை.

அனுப்புநர்:
தமிழ்ச் சித்திர ஆசிரியர்களும் கலை ஆர்வலர்களும்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பு 7 இலுள்ள தேசிய கலாபவனத்தில், 1983 முதல் 2009 வரையான போர்க்காலக் கலைக்கென ஓர் அறையை நிரந்தரமாக ஒதுக்குமாறும், வடக்கு கிழக்கில் உருவான படைப்புகளை அதில் சேர்க்குமாறும் வேண்டுகிறோம்.

போர் நடக்கையில் கண்காட்சி எதற்கு என்று கேட்போர் உண்டு. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. மறு ஆண்டே, உலகப் போர் ஓயுமுன்னரே, லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலானோர் இதே நகரில் நவீன ஓவியர்களின் '43 குழுவை அமைத்தார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஓவியர் சந்திரகுப்த தேனுவர, சோதனைச் சாவடிப் பீப்பாய்களையே கலைப்பொருளாக்கினார். 1983 ஜூலை இன வன்முறையை நினைவுகூர்ந்து அவர் கண்காட்சிகள் நடத்திவருவதையும் கொழும்பு அறியும்.

வடக்கில் வரைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. பாதை மூடியிருந்த காலத்தில் ஓவியம் கொழும்புக்கு வருவது இருக்கட்டும், வர்ணம் அங்கு போய்ச் சேர்வதே பெரும்பாடு. அப்படியிருந்தும் மாற்கு மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே ஓவியம் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களில் பெண்கள் பலர். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது யார்தான் ஓவியத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்? 2002 போர்நிறுத்தத்துக்குப் பின், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தது. 2004 இல், எரிந்து மீண்ட யாழ் பொது நூலகத்தில், தெற்குக் கலைஞர்களும் வடக்குக் கலைஞர்களும் சேர்ந்து காட்சி வைத்தார்கள். 2006 ஓகஸ்டில் அந்த வீதி மறுபடி மூடப்பட்டது.

வீடிழந்தோர் நினைவிலிருந்து வரைந்து கொடுத்த வீட்டுத் தரைப்படங்களை யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011 இல் நூலாக்கினார். இத்தகைய பணிகள் தனிமனித முயற்சியாகவே நின்றுவிடுகின்றன. கொழும்பில் 2019 இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் அரச நிறுவனமன்று. மும்மொழியிலும் அது இயங்குவதைப் பார்க்கும்போது, அரசால் முடியாதா என்றே கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். எஞ்சிய படைப்புகள் பெரும்பாலும் வீடுகளில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து வந்து கேட்டால் கொடுக்கத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. ஆகவே உரிமையை வாங்காமல், எழுத்து மூல ஒப்பந்தத்துடன், காப்புறுதி செய்து, திரும்பக் கொடுக்கும் திகதியைக் குறிப்பிட்டு இரவலாகப் பெறுங்கள். ஈரப்பதனும் கறையானும் எங்கள் மனுவுக்காகக் காத்திருப்பதில்லை. தர விரும்பாதவர்களின் படைப்புகளை அவர்கள் வீட்டிலேயே படமெடுத்துப் பதிவுசெய்ய ஒருவரை அனுப்பலாம். பழைய அழைப்பிதழ்களையும் பார்வையாளர் குறிப்பேடுகளையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

விளக்கப் பலகைகளின் தமிழை அச்சுக்குப் போகுமுன் தமிழறிந்த ஒருவர் வாசிக்கட்டும். அரச பலகைகளில் எங்கள் மொழி படும் பாட்டைத் தாங்கள் அறியாதவரல்லர்.

இதுபற்றிப் பேச நேரம் ஒதுக்கித் தந்தால், படைப்புகள் இருக்கும் இடங்கள் குறித்து நாங்கள் அறிந்ததை உரியவர்களின் சம்மதத்துடன் நேரில் தெரிவிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்