கடல்மேல் போட்ட பழி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

பொங்கலன்று நான்கு நிமிடம் கதைத்தாய். குரல் அடைத்திருந்தது, தடிமன் என்றாய். சரி. முன்பெல்லாம் நீ கதைக்கும்போது பின்னாலிருந்து "மாமா, சுகமா?" என்று ஒரு சத்தம் வரும். இந்த முறை வரவில்லை, போன முறையும் வரவில்லை. நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கல்லில் பதிந்த பழைய உயிர்களின் தடங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை அகராதியை வைத்துக்கொண்டு பத்து நாளாகப் படித்தேன். விளங்கியதை எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்து.

கல்லில் சிப்பியைக் கண்டதும், அந்த உயிர் அங்கேதான் வாழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது. செத்த பிறகு அலையும் நீரோட்டமும் ஓட்டை எங்கெங்கோ உருட்டிக்கொண்டு போகும். ஆனால் புழு தோண்டிய பொந்தையும் நண்டு நடந்த தடத்தையும் அப்படித் தூக்கிப் போக முடியாது. இருந்த இடத்திலேயே மண் மூடி, அந்த மண் கல்லாகும். அலை அடிக்கிற ஆழமில்லாத மணலில் பொந்துகள் நேரே கீழே இறங்கும். மேல் மணல் நிலையில்லாதது, சாப்பாடு தண்ணீரில் மிதந்து வருவது, அதனால் உள்ளே இருந்துகொண்டே வடித்துத் தின்னலாம். ஆழ்கடலிலோ சாப்பாடு சேற்றின் மேல் மெல்லிசாகப் படிந்து கிடக்கும். அங்கே தடங்கள் வயல் உழுதது போல வளைந்து வளைந்து போகும், ஒருமுறை போன இடத்தில் மறுபடி வாய் வைக்காது. செய்லாக்கர் என்ற ஜெர்மன்காரர் 1960களில் இதை வகை பிரித்து, தடத்தை வைத்தே பழைய கடலின் ஆழத்தை வாசிக்கலாம் என்று காட்டினாராம். படித்த மறுநாள் விடியற்காலையில் உப்புவெளிக் கரைக்குப் போனேன். 40 வருடமாக மிதித்து நடந்த நண்டு வளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபார்ச்சூன் ஹெட் பாறையில் நீ நிற்கிற படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். 1992இல் கேம்ப்ரியன் என்கிற பழைய புவிக்காலத்தின் தொடக்கத்தைக் கனடாவில் உங்கள் நியூஃபவுண்ட்லாந்தின் அந்தப் பாறையில்தான் குறித்தார்கள் என்றும், அது ஏறக்குறைய 54 கோடி வருடத்துக்கு முந்தியது என்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அதைக் குறித்தது எலும்பை வைத்தோ சிப்பி ஓட்டை வைத்தோ அல்ல, ஏதோ ஒரு சின்ன உயிர் சேற்றைக் குடைந்து போன தடத்தை வைத்து! கோணேசர் கோயிலுக்கு ஏறும்போதுகூட ஒருவரை நிறுத்தி, "இந்த மலையில் சிப்பி தேடாதேயும், இது சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. கீரிமலைச் சுண்ணக்கல்லைப் போய்ப் பாரும், மயோசீன் என்கிற பழைய புவிக்காலத்துக் கடல் அதற்குள் இருக்கிறது, என் மகள் சொன்னது" என்றேன். அந்தப் படத்தில் உன் கை நீண்டு தெரிகிறது, நீயேதான் எடுத்திருக்கிறாய். பாறை விளிம்பில் தனியாக நிற்காதே. எடுத்துவிட ஒருவரும் பக்கத்தில் இல்லையா என்று அம்மா கேட்டா. நான் பதில் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை உனக்கு 20 வருடத்துக்கு மேலாகச் சொல்லவில்லை. 2004 நவம்பரில், உன் ஓ.எல். சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கட்டிலுக்குக் கீழே இருந்த உன் பிஸ்கட் பேணியை எடுத்துக்கொண்டு போய் டச்சுக் குடாவில் கொட்டியது நான்தான். கணக்குக் கொப்பியின் மேல் சிப்பிகளைப் பரப்பி வைத்திருந்தாய் என்ற கோபம். நீ கேட்டபோது, பத்திரமாக வைத்திருக்கிறேன், சோதனை முடியத் தருகிறேன் என்றேன். சோதனை முடிந்தும் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். டிசம்பர் 26 கடல் வந்தது. பேணியைக் கடல் கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். அத்தனை பேரைக் கொண்டு போன கடல்மேல் என் குற்றத்தையும் சேர்த்துப் போட்டேன். நீ ஒரு கிழமை முற்றத்துச் சேற்றைக் கையால் கிளறினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கட்டுரையைப் படிக்கும்போது அதுதான் நெஞ்சை அடைத்தது. நிலாவெளி மணலில் பொறுக்கியதும், தம்பலகாமக் களப்பின் சேற்றிலிருந்து எடுத்த, வெளிச்சம் ஊடுருவுகிற அந்தத் தட்டைச் சிப்பியும் இன்றைக்கு டச்சுக் குடாவில் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை அங்கே கண்டெடுக்கிறவன் எதை நம்புவான்? நீ ஒவ்வொன்றுக்கும் துண்டுக் கடதாசியில் இடமும் திகதியும் எழுதி வைத்திருந்தாய், பதினாறு வயதில். அதையும் சேர்த்தே கொட்டினேன். நடந்ததைச் சொல்லாமல் மறைத்துக்கொண்டே இந்த வீட்டில் இருந்துவிடலாம் என்று உனக்குப் பழக்கியது நான்தானோ என்று இரவில் நினைக்கிறேன். அப்படியென்றால் பிழை என்னுடையது, உன்னுடையதல்ல. எது நடந்திருந்தாலும் சொல். நான் சத்தம் போட மாட்டேன்.

இப்போது காலையில் நானே பொறுக்குகிறேன். நீ எழுதியிருக்கிற மாதிரியே, எடுப்பதற்கு முன் எப்படிக் கிடந்தது என்று கொப்பியில் குறிக்கிறேன். ஒற்றை ஓடுகள் அநேகமாகக் குழிந்த பக்கம் கீழே இருக்கக் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. நீரோட்டம் புரட்டிப் புரட்டி அப்படி வைக்கும் என்று நீ எழுதியது சரி. இரண்டு ஓடும் பிரியாமல் இதுவரை மூன்றுதான் கிடைத்தன. அவற்றைத் திறக்கவில்லை. பெயர் தெரியாதது 11 இருக்கிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், நீ வந்து எழுது. உன் அறையைப் போன கிழமை வெள்ளையடித்தோம். சும்மாதான்.

குளிருக்குக் காதை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. வழமையாக இரண்டு கிலோ அனுப்புவோம். இந்த முறை எவ்வளவு வேண்டும் என்று நீயே சொல்.