பெண் பிள்ளைகள் ஆடும் மைதானத்துக்கு விளக்கு வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் மைதானக் குழுவின் வணக்கம்.

2025 பிப்ரவரியில் ஷார்ஜாவில் பிங்க் லேடீஸ் கோப்பை என்று ஒரு நட்புறவுப் போட்டி நடந்தது. தென்கொரியா, தாய்லாந்து, உஸ்பெகிஸ்தான், ஜோர்டான், இந்தியா என்று பெரும்பாலும் ஆசிய நாடுகளின் பெண்கள் கால்பந்து அணிகள் ஆடின, ரஷ்யாவும் வந்திருந்தது. நம் ஊரிலிருந்து போய் ஷார்ஜாவிலும் துபாயிலும் வேலை பார்க்கிறவர்களிடம் பின்னால் விசாரித்தோம். பக்கத்திலேயே இருந்தும் ஒருவருக்கும் சேதி தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, இங்கே இருந்த நமக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

இந்திய அணி அங்கே ஜோர்டானை 2-0 என்று வென்றது. ரஷ்யாவிடம் 0-2, தென்கொரியாவிடம் 0-3 என்று தோற்றது. பார்த்தால் சாதாரணக் கணக்குதான். ஆனால் அதே ஆண்டு ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இதே அணி, தரவரிசையில் தன்னைவிட 24 இடம் மேலே இருந்த தாய்லாந்தை, அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்போர். தகுதிச்சுற்று ஆடி வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுவே முதல் முறை. பிப்ரவரியில் கொரியாக்காரர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிப் பார்த்த கால்களுக்கு ஜூலையில் தாய்லாந்தின் வேகம் புதிதாக இருந்திருக்காது என்பது எங்கள் குழுவில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களின் கருத்து.

ஆட்டம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த அணி பார்த்திருக்கிறது. நீண்ட காலம் சர்வதேச ஆட்டம் எதுவுமே ஆடாததால் 2009-இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயர் எடுக்கப்பட்டது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியிலும், 1983-இல் பாங்காக்கில் நடந்ததிலும் இறுதி ஆட்டம் வரை போன நாடு இது! வீராங்கனைகளிடம் திறமை வற்றிவிடவில்லை. ஆட வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். 2019-இல் புவனேஸ்வரில் இந்தியா, நேபாளம், மியான்மர், ஈரான் ஆகிய நான்கு நாடுகள் ஆடிய தங்கக் கோப்பை, 2023 பிப்ரவரியில் நம் சென்னை நேரு விளையாட்டரங்கிலேயே நேபாளத்தோடு ஆடிய இரண்டு ஆட்டங்கள் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தவை. தங்கக் கோப்பையை மியான்மர் கொண்டுபோனது. சென்னையில் இரண்டுமே சமநிலை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய அணியின் சட்டையைப் போட்டவர்களில் நம் மாவட்டத்துப் பெண்களும் உண்டு. இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். இந்துமதி இன்று தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர், கால்பந்து ஆடியதால் கிடைத்த வேலை. 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள், 2023-இல் ஹரியானாவை வென்று மறுபடியும் ஆனார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆடினவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி நம் மைதானத்துக்கு வருவோம்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தில் இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கோல் கம்பம் என்று நிற்பது சவுக்குக் கம்புதான். அளவு பார்த்து நட்டதில்லை, மழைக்காலம் முடிந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உண்மையான கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நம் கோல்கீப்பர் பிள்ளைகள் ஆறு மீட்டருக்குப் பழகி, மாவட்டப் போட்டிக்குப் போய் நின்றதும் திகைத்துப் போகிறார்கள். எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கே மாறிவிடுகிறதே! வலை இல்லாததால் ஒவ்வொரு கோலுக்கும் ஒருத்தி ஓடிப்போய் முள்ளுக்குள்ளிருந்து பந்தை எடுத்து வர வேண்டும். இரும்புக் குழாயில் சரியான அளவில் இரண்டு கோல் கம்பங்கள் செய்து, கான்கிரீட்டில் நிறுத்த முடிவு செய்திருக்கிறோம். நகர்த்தும் வகைக் கம்பம் விலை குறைவுதான். ஆனால் பிள்ளைகள் தொங்கினால் மேலே கவிழ்ந்துவிடும், அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் விளக்கு. பள்ளி விட்டு, வீட்டுக்குப் போய், தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வருவதற்குள் ஐந்தரை மணி ஆகிவிடுகிறது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டு. ஆண் பிள்ளைகள் இருட்டினாலும் தடவித் தடவி ஆடிவிட்டு ஏழு மணிக்கு வருவார்கள், யாரும் கேட்பதில்லை. பெண் பிள்ளையை இருட்டின பிறகு எந்த அம்மாவும் விடமாட்டார், விடச் சொல்லி நாங்களும் கேட்கமாட்டோம். ஆக, வருஷத்தில் நாலு மாதம் இவர்களுக்கு அரைமணி நேர ஆட்டம்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷன் என்று அதுவும் போய்விடுகிறது. எட்டாவது படிக்கும்போது நன்றாக ஆடியவர்களில் பலர் பிளஸ் டூவில் மைதானத்துப் பக்கமே வராததற்கு நாங்கள் கண்ட முதல் காரணம் இந்த இருட்டு.

நான்கு மூலையிலும் கம்பம் நிறுத்தி எல்இடி விளக்கு போட 5,20,000 ரூபாய். கோல் கம்பம், வலைக்கு 90,000. உடை மாற்றும் அறைக்கும் கழிப்பறைக்கும் 2,80,000. இப்போது பிள்ளைகள் வீட்டிலேயே உடை மாற்றிக்கொண்டு, மேலே சுடிதார் போட்டு மறைத்துக்கொண்டு வருகிறார்கள். மாதத்தில் அந்த நாட்களில் வருவதே இல்லை. தரை சமன் செய்ய 60,000. மொத்தம் 9,50,000. ஊருக்குள் இதுவரை சேர்ந்தது 2,15,000. மின் இணைப்பு பஞ்சாயத்து பெயரில் எடுக்கப்படும், மாதாமாதம் கரண்ட் பில்லைக் குழு உறுப்பினர்கள் பங்கு போட்டுக் கட்டுவோம்.

"கால்ல அடிபட்டு நொண்டினா எவன் கட்டிக்குவான்?" என்று வசூலுக்குப் போன வீடுகளில் கேட்டார்கள். பெரியவர்கள் கேட்டதில் தப்பில்லை. அடிபடத்தான் செய்யும், மேடு பள்ளமான தரையில் இன்னும் அதிகமாக அடிபடும். தரையைச் சமன் செய்யக் கேட்பது அதற்காகவும்தான். "கிரிக்கெட்டுக்குச் செய்யலாமே" என்றும் சிலர் சொன்னார்கள். கிரிக்கெட்டுக்கு வருஷா வருஷம் கோப்பையும் ஃபிளெக்ஸும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. திருவிழாக் கச்சேரிக்கு ஒரு ராத்திரியில் எவ்வளவு செலவாகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். கச்சேரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் பாதிப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள்தான்.

இந்த மைதானத்திலிருந்து அடுத்த இந்துமதி வருவார் என்று வாக்குக் கொடுத்துப் பணம் கேட்க எங்களுக்கு விருப்பமில்லை. வரலாம், வராமலும் போகலாம். இரவு ஏழு மணி வரை பெண் பிள்ளைகள் பயமில்லாமல் ஆடுவார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். விளக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்து ஊர் அணிகளை அழைத்து மாதம் ஒரு நட்பு ஆட்டம் நடத்துவோம். ஆட்டம் கிடைக்காத அணி என்ன ஆகும் என்று மேலே சொன்னோமே, அது ஊர் அணிக்கும் பொருந்தும்.

நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம், ரசீது உண்டு. குழுவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் ரசீதுப் புத்தகத்திலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது. தனி ஆள் யாருடைய எண்ணுக்கும் பணம் அனுப்ப வேண்டாம், எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் அனுப்ப வேண்டாம். பணத்துக்குப் பதில் சிமென்ட், கம்பி, ஜேசிபி வாடகை என்று தருகிறவர்களும் தரலாம். மேஸ்திரி வேலைக்கு இரண்டு பேர் கூலியில்லாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் பெயர், தொகை, செலவுச் சீட்டு எல்லாம் மாதம் ஒருமுறை பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். ஃபிளெக்ஸ் வைக்கமாட்டோம், அந்தக் காசுக்கு இரண்டு பந்து வரும்.

ஐப்பசி மழைக்கு முன் கம்பத்துக்குக் குழி தோண்டி கான்கிரீட் போட்டாக வேண்டும். ஆகவே ஆவணி முடிவதற்குள் தங்கள் பங்கைச் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மைதானக் குழுவினர்